தண்டனை முடிந்தவருக்கு ஓட்டுரிமை: புளோரிடாவின் 4-ஆம் திருத்தம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கடுங்குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், அதை முடித்து வெளியே வந்தாலும் ஓட்டுப் போட முடியாது என்பதுதான் பழைய விதி. ஆளுநர் தலைமையிலான கருணைக் குழு மனது வைத்தால்தான் உரிமை திரும்பும். 2018 நவம்பரில் மக்களே வாக்களித்து இதை மாற்றினார்கள். மாநில அரசியலமைப்பைத் திருத்த 60 சதவீத ஆதரவு வேண்டும்; 64 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. சுமார் 14 லட்சம் பேர் பயனடைவார்கள் என்று மதிப்பிட்டார்கள். கொலை, பாலியல் கடுங்குற்றம் ஆகியவற்றுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

‘தண்டனையின் எல்லா அம்சங்களும் முடிந்ததும்’ உரிமை திரும்பும் என்கிறது திருத்தம். சிறை, பரோல், நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் இதில் அடங்கும், சரி. அபராத பாக்கி? தண்டனையோடு விதித்த அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாவற்றையும் கட்டினால்தான் முடிந்ததாகும் என்று 2019-இல் சட்டமன்றம் சட்டம் போட்டது. மாநில உச்ச நீதிமன்றமும் 2020 ஜனவரியில் அதே பொருளைத்தான் சொன்னது. கட்ட வசதியில்லாதவரைத் தடுப்பது செல்லாது என்று மே மாதம் கூட்டாட்சி நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் தீர்ப்பளித்தார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. ஆக, கட்டினால்தான் ஓட்டு.

எவ்வளவு கட்ட வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல். ஹிங்கிள் முன் வந்த சாட்சியம் ஒன்று: ஒரு பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் 153 பேரின் பாக்கியை நீண்ட நாள் தேடிப் பார்த்தார்கள். 3 பேரைத் தவிர மற்ற எல்லாருடைய விவரங்களிலும் ஒன்றுக்கொன்று முரண். பழைய வழக்கென்றால் தாள்களே கிடைப்பதில்லை. கடனைச் சொல்ல முடியாத அரசு, அதைக் காட்டி ஓட்டை மறிப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

பயமும் இருக்கிறது. வாக்காளர் விண்ணப்பத்தில், ‘நான் கடுங்குற்றத் தண்டனை பெற்றவன் அல்ல, பெற்றிருந்தால் என் ஓட்டுரிமை திரும்பிவிட்டது’ என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் அதுவும் கடுங்குற்றம். 2022 ஆகஸ்டில், உரிமையில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேர்மீது கைது நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. அவர்களில் சிலர், வாக்காளர் அட்டை வந்ததால்தான் போட்டோம் என்றார்கள்.

எனவே முதலில் தண்டனை விதித்த மாவட்டத்தின் நீதிமன்றப் பதிவாளரிடம் தீர்ப்பு நகலைக் கேளுங்கள். கட்ட முடியாத தொகையைச் சமூக சேவையாக மாற்றும்படி நீதிமன்றத்தில் மனு செய்யலாம். அப்புறமும் சந்தேகம் இருந்தால், மாநிலத் தேர்தல் பிரிவிடம் எழுத்து மூலம் கருத்து கேளுங்கள். பதில் வரும்வரை அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.