அழற்சியா, வீக்கமா?

காயம் ஆறுவது பற்றிய ஒரு கையேட்டின் தமிழ்ப் பதிப்பைப் புரட்டினேன். முதல் கட்டத்துக்கு 'வீக்கக் கட்டம்' என்று பெயர். இரண்டு வரி தள்ளி, 'வீக்கத்தால் வீக்கம் உண்டாகும்'. மூலத்தில் இன்ஃப்ளமேஷன் (காயத்துக்கோ கிருமிக்கோ உடல் காட்டும் எதிர்வினை) வேறு, எடீமா (நீர் கோத்து வீங்குவது) வேறு என்று இருந்திருக்கும். தமிழுக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன!

இன்ஃப்ளமேஷனின் வேர் லத்தீன் 'ஃப்ளாமா', தீக்கொழுந்து. நம் 'அழல்' என்றாலும் தீதான். சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி. சொற்பிறப்பு அவ்வளவுதான்.

கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் இதற்கு நான்கு அடையாளம் சொல்லிவிட்டார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றைப் பிடித்து மொத்தத்துக்கும் பெயராக வைப்பது, சாம்பாரைப் 'புளி' என்று கூப்பிடுவதுபோல. போன வாரம் அரிவாள்மனையில் விரலைக் கீறிக்கொண்டேன். மறுநாள் ஓரமெல்லாம் சிவந்து, சுட்டு, விண்விண்ணென்று தெறித்தது. வீக்கம் மட்டும் தேடினால்தான் தெரியும். மாறாக, இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். அங்கே அழற்சி இல்லை.

'வீக்கம் என்றால்தான் மக்களுக்குப் புரியும்' என்பார்கள். என்ன புரியும்? வீங்கியது வடிய வேண்டும் என்று புரியும். ஆனால் அந்தச் சிவந்த விரலுக்குள் நடப்பது வேறு. சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமியை அழிக்கின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்கள் பெருகி, செத்த நியூட்ரோபில்களையும் சேர்த்து விழுங்குகின்றன. அப்புறம் அவையே வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, காயத்தின் ஓரத்துத் தோல் செல்களை நகரவும் பெருகவும் தூண்டுகின்றன. கொலாஜன் என்ற புரத நாரை இழைக்கும் செல்களையும் வரவழைக்கின்றன. 1975இல் லீபோவிச், ராஸ் என்ற இருவர் கினிப் பன்றிகளில் மேக்ரோஃபேஜ்களைக் குறைத்துப் பார்த்தார்கள். காயம் ஆறத் தாமதமானது. ஆக, அழல் மூள வேண்டும், பிறகு தணியவும் வேண்டும். ஆறாத சர்க்கரைப் புண்ணில் தணிவதில்லை. மேக்ரோஃபேஜ்கள் சண்டையிலிருந்து கட்டுமான வேலைக்குச் சரியாக மாறுவதில்லை. மூள்வதும் தணிவதும் அழற்சி என்ற சொல்லோடு இயல்பாகப் பொருந்துகின்றன. வீக்கத்தை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

ஒருவேளை பணவீக்கத்தின் சாயலில் வந்த குழப்பமோ என்னவோ. இன்ஃப்ளேஷனுக்கு வீக்கம் சரி, அதன் வேர் 'ஊதுதல்'. ஓசை ஒத்திருப்பதால் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் ஆகிவிடாது. அகராதியைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா?

சரி, அழற்சி பக்கமும் ஒரு தொல்லை உண்டு. காதுக்கு அது அலர்ஜி மாதிரியே கேட்கிறது. ஓர் இதழுக்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில் 'காயத்தில் அழற்சி' என்று இருந்ததை, பிழை திருத்தியவர் 'காயத்தில் ஒவ்வாமை' ஆக்கி அச்சேற்றிவிட்டார். கூப்பிட்டுக் கேட்டேன். "தூய தமிழில் மாற்றினேன் ஐயா" என்றார்.