ஊர் திரும்பிய பிறகும் மலேரியா மாத்திரை எதற்கு?

ஆப்பிரிக்கா போய் வருகிறவர்களில் நிறைய பேர், திரும்பி வர விமானம் ஏறிய அன்றே மலேரியா மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கொசு அங்கே, நாம் இங்கே, இனி எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த மாத்திரை கொசு கடிப்பதைத் தடுப்பதில்லை. கடித்தபின் உடம்புக்குள் நடப்பதைத்தான் தடுக்கிறது.

பெண் அனோபிலிஸ் கொசு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரைக்கும்தான் பெரும்பாலும் கடிக்கும். அதன் எச்சிலோடு தோலுக்குள் இறங்கும் கிருமிகள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. ஆளைக் கொல்லும் ஃபால்சிபாரம் வகை அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் ஒளிந்திருந்து, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. அந்த நாட்களில் காய்ச்சல் இருக்காது, இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியாது. அப்புறம் கல்லீரல் செல் உடைந்து அத்தனையும் இரத்தத்தில் கொட்டி, சிவப்பணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். ஆக, கென்யாவின் மொம்பாசாவில் கடைசி இரவு கடித்த கொசுவின் வேலை நாம் வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆரம்பிக்கிறது.

இந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்சிசைக்ளின் ஒரு சாதாரண ஆன்டிபயாட்டிக், அது எப்படி மலேரியாவில் வேலை செய்கிறது? இந்தக் கிருமிக்குள் அபிகோபிளாஸ்ட் என்றொரு சின்ன உறுப்பு இருக்கிறது, எப்போதோ விழுங்கப்பட்ட ஒரு பாசியின் மிச்சம். அதற்குள் புரதம் செய்யும் இயந்திரம் பாக்டீரியாவுடையதைப் போன்றது என்பதால் டாக்சிசைக்ளின் அதை முடக்கிவிடுகிறது. கிருமி உடனே சாவதில்லை, அதன் அடுத்த தலைமுறைதான் பிழைக்காமல் போகிறது. இரத்தத்துக்கு வந்த கிருமியைத்தான் இது முக்கியமாகப் பிடிக்கும் என்பதால், ஊர் திரும்பி 4 வாரம் தினமும் போட வேண்டும். வாரம் ஒருமுறை போடும் மெஃப்ளோகுயின் மாத்திரைக்கும் அதே 4 வாரம்தான், ஆனால் வலிப்பு, மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கு அது ஆகாது. அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற கூட்டு மாத்திரை கல்லீரலிலேயே கிருமியை அடித்துவிடுவதால் 7 நாள் போதும், சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால்தான் உடம்பில் சரியாகச் சேரும். பழைய மலேரியா மருந்தான குளோரோகுயினை ஆப்பிரிக்காவுக்கு நம்பவே கூடாது.

கிருமிநாசினிபோல எல்லாவற்றையும் இவை துடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகை கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கும், இந்த மூன்று மருந்துகளும் அதைத் தொடாது.

இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதைப் பரப்பும் கொசுக்கள் மட்டும் அங்கே இன்னும் இருக்கின்றன. அதனால்தான் மடகாஸ்கருக்கு இரத்தினக்கல் வாங்கப் போய் வருகிறவர் மாத்திரையைப் பாதியில் விட்டால், ஆபத்து அவரோடு நிற்காது.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஒழுங்காக மாத்திரை போட்டிருந்தாலும் சரி, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவருக்கு டெங்குதான் நினைவுக்கு வரும். முதல் இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.