ஒரே போடு: சுத்தியல் டோக்கனுக்குள் நடக்கும் அறிவியல்

இந்தக் காசைக் கொடுத்தால் ஒரு டீ கூடக் கிடைக்காது. எந்த அரசும் இதை வெளியிடவில்லை. வட்டம் கோணலாக இருக்கும், எழுத்தில் பாதி ஓரத்தோடு போயிருக்கும், ராஜாவின் மூக்கு சப்பையாகக் கிடக்கும். ஆனாலும் நாணயம் சேர்ப்பவர்களில் ஒரு சாரார் இதைத்தான் தேடித் தேடி வாங்குகிறார்கள். இடைக்கால இங்கிலாந்துப் பென்னிகளின் பாணியில், ஒரு கைவினைஞர் தானே அச்சு வெட்டி, தானே சுத்தியலால் அடித்துத் தரும் டோக்கன்கள் இவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடக்கும் இடைக்காலப் பாணித் திருவிழாக்களில் கண்ணெதிரிலேயே அடித்துக் கையில் கொடுப்பார்கள். அடி விழுந்த அந்தக் கணத்தில் உலோகம் என்ன பாடுபட்டது என்பது காசின் முகத்தில் அப்படியே தெரியும். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதுதான் சுவை.

சாமான்கள் கொஞ்சம்தான். இரண்டு உருக்கு அச்சுகள், ஒரு மரக்கட்டை, ஒரு கனத்த சுத்தியல். கீழ் அச்சின் அடியில் கூரான முளை ஒன்று இருக்கும். அதைக் கட்டையில் இறக்கி அசையாமல் நிறுத்திவிடுவார்கள். அதன்மேல் செம்பிலோ வெள்ளியிலோ வெட்டிய வில்லை, வில்லைக்கு மேல் கையில் பிடித்த மேல் அச்சு. சுத்தியலின் அடியை நேராக வாங்குவது மேல் அச்சுதான் என்பதால் அதுவே சீக்கிரம் தேயும், பிளக்கும். எனவே வெட்டச் சிரமமான ராஜா முகத்தைக் கீழ் அச்சிலும், எளிதான சிலுவையை மேல் அச்சிலும் வைத்தார்கள். அன்றைய அச்சு வெட்டிகள் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகச் செதுக்கவில்லை. நேர்கோட்டுக்கு ஒரு உளி, பிறைக்கு ஒரு உளி என்று நாலைந்தை வைத்துக்கொண்டு தட்டித் தட்டியே எழுத்துகளைச் சேர்த்தார்கள். எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி வெட்ட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் உலைதான். அச்சுக்கும் வில்லைக்கும் வைத்தியம் ஒன்றே, பலன் மட்டும் நேர்மாறு. இரண்டையும் சிவக்கக் காய்ச்சித் திடீரென்று குளிர வைத்தால், உருக்கு கடினமாகிறது, செம்பு மென்மையாகிறது.

உருக்கில் இரும்போடு கொஞ்சம் கரி, அதாவது கார்பன், கலந்திருக்கிறது. ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றும்போது இரும்பு அணுக்கள் வேறொரு அடுக்குக்கு மாறுகின்றன. அந்த அடுக்கில் கார்பன் அணுக்கள் வசதியாக உட்கார இடமிருக்கிறது. பட்டறையில் இதற்குத் தெர்மாமீட்டர் தேவையில்லை. 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டுவது நின்றதும் இன்னும் சற்றே காய்ச்சினால் சரி. அப்படியே எண்ணெயில் முக்கினால், இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கும், ஆனால் கார்பன் வெளியேற நேரமிருக்காது. உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கைக் கோணலாக்கிவிடும். அந்த இறுக்கம்தான் கடினம். ஆனால் இந்த நிலையில் ஓங்கி அடித்தால் அச்சு சில்லுச் சில்லாகத் தெறித்துவிடும். அதனால் மறுபடி 200 முதல் 250 டிகிரி வரை மெல்லச் சூடேற்றுவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய உருக்கின் முகம் வைக்கோல் நிறத்துக்கு வரும்போது நிறுத்திவிட வேண்டும். கடினம் கொஞ்சம் குறையும், உறுதி கூடும்.

செம்பின் கதை வேறு. அதன் அணு வரிசைகளில் ஆங்காங்கே பிசகுகள் இருக்கின்றன. அந்தப் பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது, பரவுகிறது. அடிக்க அடிக்கப் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர வழியில்லாமல் நின்றுவிடும். செம்புக் கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் முதலில் விறைத்து அப்புறம் ஒடிவது இதனால்தான். 600 டிகிரி வாக்கில் சிவக்கக் காய்ச்சும்போது சிக்கலில்லாத புதிய படிகங்கள் உள்ளே வளர்கின்றன. அதன்பின் தண்ணீரில் போட்டாலும் தானாக ஆறவிட்டாலும் மென்மையில் வித்தியாசமில்லை. தண்ணீரில் போட்டால் மேலே படிந்த கருப்பில் கொஞ்சம் உதிரும் என்பதுதான் லாபம். மிச்சத்தை நீர்த்த அமிலம் பார்த்துக்கொள்ளும். நம் வீட்டில் செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கும்போது நடப்பதும் அதே வேதியியல்தான்.

இப்போது அடி. 2 கிலோ சுத்தியல் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆற்றல் சுமார் 50 ஜூல். அவ்வளவும் அரை மில்லிமீட்டர் தூரத்துக்குள் அடங்கினால், சராசரி விசை 1 லட்சம் நியூட்டன், அதாவது 10 டன் எடை. 18 மில்லிமீட்டர் வில்லையில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 400 நியூட்டன் விழும். காய்ச்சிய செம்பு 70 நியூட்டனுக்குள்ளேயே வளைந்துகொடுக்கத் தொடங்கும். அப்படியானால் தாராளம்தானே என்று தோன்றும். தாராளம் இல்லை. மெல்லிய வில்லையின் இரு முகங்களையும் அச்சுகள் உராய்ந்து பிடித்துக்கொள்வதால் நடுவிலுள்ள உலோகம் பக்கவாட்டில் நகர முடியாமல் திணறும். எழுத்தின் மூலைவரை உலோகம் ஏற வேண்டுமென்றால் அழுத்தம் சில மடங்கு தேவை. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நாலு மடங்காகும். கையால் அடிக்கும் டோக்கன்கள் பெரும்பாலும் சின்னதாக இருப்பதற்குக் காரணம் சிக்கனம் இல்லை, கணக்கு.

இனி காசை லென்ஸில் பார்க்கலாம். மூக்கு சப்பையாக இருந்தால் காசைத் திருப்புங்கள். பின்பக்கம் அதே இடத்தில் சிலுவையின் தடித்த பகுதி இருக்கக்கூடும். இரண்டு அச்சிலும் ஒரே இடம் ஆழமாக இருந்தால் இரண்டையும் நிரப்ப அங்கே உலோகம் போதாது. ஓரம் கிழிந்திருக்கிறதா? சுற்றிலும் தடுக்க வளையம் இல்லாததால் உலோகம் வெளியே பரவி வெடித்திருக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறதா? முதல் அடியில் அச்சு எகிறி, வில்லை லேசாகத் திரும்பி, இரண்டாவது அடி வேறிடத்தில் விழுந்திருக்கிறது. தேர்ந்தவர்கள் ஒரே போடில் முடிக்கப் பார்ப்பார்கள். முதல் அடியிலேயே செம்பு இறுகிவிடும் என்பதால் இரண்டாவது அடிக்கு முன்போல் மதிப்பில்லை.

மெஷின் வந்ததும் சுத்தியல் உடனே ஓய்ந்துவிடவில்லை. எலோய் மெஸ்த்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1561-இல் லண்டனில் எலிசபெத் ராணிக்கு இயந்திரத்தில் அழகான நாணயங்கள் அடித்துக் கொடுத்தார். வேகத்தில் சுத்தியல்காரர்களே முந்தியதால் அவருக்கு வேலை போனது. பிறகு கள்ளநாணயக் குற்றத்துக்காக 1578-இல் தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்தில் சுத்தியல் ஓய்ந்தது 1662-இல்தான். நம் பக்கத்தில் புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட சின்னச் செம்பு நாணயமான அம்மன் காசிலும் இரண்டு காலமும் உண்டு: கட்டை குட்டையான பழைய கைக்காசு, பிற்கால வழவழப்பான இயந்திரக் காசு.

பழைய காசை அப்படியே நகலெடுத்து ஏமாற்றுவது வேறு தொழில். அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகல் நாணயத்தில் ‘காப்பி’ என்று பொறித்தாக வேண்டும். நல்ல கைவினைஞர்கள் சொந்த வடிவத்தில் அடிப்பதால் இந்த வம்புக்கே போவதில்லை.

சேகரிப்பவர்கள் கடைசியாகத் தேடுவது அச்சின் விரிசலை. அச்சில் விரிசல் ஒரு பள்ளம், எனவே காசில் அது மெல்லிய மேட்டுக் கோடாக விழும். அடிக்க அடிக்கக் கோடு நீளும், கிளை விடும், ஓரத்தைத் தொடும். எண் போடாத டோக்கன்களைக்கூட அந்தக் கோட்டின் நீளத்தை வைத்து எது முன்னால் அடித்தது, எது பின்னால் அடித்தது என்று வரிசைப்படுத்திவிடுவார்கள்.