பென்சில்வேனியாவில் ஏது வாகை?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். கோடையில் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிற தாத்தா பாட்டிகள் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். மலைச்சரிவில் ஒரு புதர்ச்செடி, கொத்துக் கொத்தாக வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருக்கும். கீழே தவறாமல் ஒரு வரி: "இது மலைவாகை. பென்சில்வேனியாவின் மாநில மலர்." தாத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். யாரோ மொழிபெயர்த்து வைத்ததைத்தான் அவர் எடுத்துப் போடுகிறார். அந்த 'யாரோ' மேல்தான் என் கோபம். பயணக்கட்டுரையில் மலைவாகை, ஆவணப்படத்தின் அடிவரியில் மலைவாகை, பிள்ளைகளுக்கான தமிழ்ப் பாடத்தில்கூட மலைவாகை. கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியிலும் அது காதில் விழுந்துவிட்டது.

செடியின் ஆங்கிலப் பெயர் மவுண்டன் லாரல். தாவரவியல் பெயர் கால்மியா லாட்டிஃபோலியா. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தன் மாணவர் பேர் கால்ம் என்பவரின் நினைவாக வைத்தது. கால்ம் 1748 முதல் 1751 வரை வட அமெரிக்காவில் சுற்றிச் செடிகள் சேகரித்தவர். லாட்டிஃபோலியா என்றால் அகன்ற இலை கொண்டது. ஐரோப்பாவில் வளரும் ஒரு மரத்தின் லத்தீன் பெயர் 'லாரஸ்'; அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த வடிவம்தான் லாரல். கனெக்டிகட் 1907இலும் பென்சில்வேனியா 1933இலும் இதைத் தங்கள் மாநில மலராக்கிக்கொண்டன. சொல்லின் வரலாறு இவ்வளவுதான்.

இனி வாகைக்கு வருவோம். இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ரோமானியர்கள் வென்றவன் தலையில் லாரல் இலைகளால் கட்டிய வளையத்தைச் சூட்டினார்கள். நம் ஊரில் வென்றவன் சூடியது வாகைப் பூ. புறத்திணைகளில் ஒன்றுக்கே வாகை என்று பெயர். ஆகவே 'லாரல் சூடினான்' என்று வந்தால் 'வாகை சூடினான்' என்று எழுதுவது அருமையான மொழிபெயர்ப்பு. அதில் எனக்குச் சண்டை இல்லை. அங்கே பேச்சு வெற்றியைப் பற்றியது, செடியைப் பற்றியது அல்ல. அதே சமன்பாட்டைத் தூக்கிக்கொண்டு தாவரவியலுக்குள் நுழைந்ததுதான் தப்பு. நோபல் பரிசு பெற்றவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் இந்த லாரல்தான் ஒளிந்திருக்கிறது. அவரை யாராவது 'நோபல் வாகையர்' என்கிறோமா? அங்கே இருந்த நிதானம் செடி என்றதும் எங்கே போயிற்று?

வாகை நமக்குத் தெரியாத மரமா? ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். உயர்ந்து பரந்த மரம், அவரைக் குடும்பம், புளிய இலைபோல் சிறுசிறு இலைகளாகப் பிரிந்த கூட்டிலை. பனிக்காலம் கழிந்ததும் இலை கொட்டிவிட்டு, காய்ந்த நெற்றுகளோடு சலசலத்து நிற்கும். அந்த நெற்றின் ஓசையைக் கழைக்கூத்தர் பறையொலியாகச் சங்கப் புலவர் ஒருவர் கேட்டிருக்கிறார். கால்மியாவோ பெரும்பாலும் ஆளுயரத்திலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்குள் நிற்கும் குறுஞ்செடி. தனியிலை, தடித்த தோல் போன்றது, பளபளப்பானது, பனியிலும் உதிராது. காய் நெற்று அல்ல, ஐந்தறை கொண்ட சின்ன உலர்காய். இரண்டுக்கும் ஒரு பொருத்தம்கூட இல்லை.

பூவில் இன்னும் வேடிக்கை. வாகைப் பூவில் கண்ணுக்குத் தெரிவதே மகரந்தத் தாள்கள்தான். பட்டுக் குஞ்சமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால்மியா அவற்றை ஒளித்து வைக்கும். ஐந்து இதழும் ஒட்டிய கிண்ணம் போன்ற பூவில் பத்துக் குழிகள் இருக்கும். பத்து மகரந்தத் தாள்களும் வளைந்து, நுனியிலுள்ள பையைக் குழிக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டிருக்கும். தேனீ வந்து உட்கார்ந்து அசைத்ததும் குழியிலிருந்து விடுபட்டு, உண்டிவில் மாதிரி விண்ணென்று நிமிர்ந்து மகரந்தத்தை அதன் உடம்பில் வீசும். இத்தனை சாமர்த்தியமான பூவுக்கு வேறெதுவோ ஒரு மரத்தின் பெயரை இரவல் வாங்கி ஒட்டுவது, பூவைப் பார்க்காமலே பெயர் வைத்ததற்குச் சாட்சி.

சரி, பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வாகைத் தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல தீனி. நம் பக்கம் ஆடு வளர்க்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கால்மியாவின் தழை ஆட்டைக் கொல்லும். கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு அதன் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் உண்டு. நெருங்கிய உறவான குறுகிய இலைக் கால்மியாவுக்கு அங்கத்திய கிராமத்தார் வைத்த பட்டப்பெயர்களில் ஒன்றைத் தமிழில் சொன்னால் 'குட்டிக்கொல்லி'. செம்மறிக்குட்டிகள் மேய்ந்து செத்ததால் வந்த பெயர். ஆக, இந்தச் செடியைப் பற்றி ஒருவருக்கு முதலில் தெரியவேண்டிய விஷயத்தையே 'வாகை' என்ற பெயர் தலைகீழாக்கிவிடுகிறது.

வாகைக்கு மாற்றாக 'மலைப்புன்னை' என்றும் ஒரு கட்சி உண்டு. புன்னைக்கு ஆங்கிலத்தில் அலெக்சாண்ட்ரியன் லாரல் என்று ஒரு பெயர். அதைப் பிடித்துக்கொண்டு 'லாரல் என்றால் புன்னை, மவுண்டன் என்றால் மலை' என்று கூட்டிவிட்டார்கள். இலையின் பளபளப்பாவது ஒத்துப்போகிறது என்பதால் வாகையை விட இது ஒரு பிடி மேல். ஆனால் நாகப்பட்டினம், பூம்புகார்ப் பக்கத்து ஆட்களிடம் புன்னையை மலையேற்றிப் பாருங்கள், சிரிப்பார்கள். புன்னை நெய்தல் நிலத்து மரம். அதன் இனத்து வேறு மரங்கள் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்மையிலேயே இருப்பதால், மலைப்புன்னை என்றால் அவற்றைத்தான் நினைக்கத் தோன்றும்.

மூன்றாவது வகையினர் லாரலைப் பிரிஞ்சி இலையாக்கிவிட்டார்கள். லாரஸ் குடும்பத்தில் நம் பட்டையும் பிரிஞ்சி இலையும் இருப்பது உண்மை. ஆனால் மவுண்டன் லாரல் அந்தக் குடும்பமே இல்லை. ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் இலையைப் பார்த்து, ஊரில் கண்ட லாரல் நினைப்பில் வைத்த பெயர் அது. 'மலைப் பிரிஞ்சி' என்று படித்துவிட்டு யாராவது இரண்டு இலையைக் கிள்ளி பிரியாணியில் போட்டால் என்ன ஆகும் என்று மொழிபெயர்த்தவர் யோசித்திருக்க வேண்டாமா? ஆங்கிலத்தில் லாரல் என்பது நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஒட்டிய சீட்டு. ஆங்கிலேயன் செய்த குழப்பத்தை நாம் ஏன் சீதனமாக வாங்கிக்கொள்ள வேண்டும்?

குடும்பப் பெயரிலும் இதே கூத்துதான். கால்மியா சேர்ந்த எரிகேசியே குடும்பத்தை ஆங்கிலத்தில் ஹீத் குடும்பம் என்பார்கள். ஹீத் என்பது அந்தக் குடும்பத்துக் குறுஞ்செடி ஒன்றுக்கும் பெயர், அது மண்டிக் கிடக்கும் வெட்டவெளிக்கும் பெயர். ஒரு மொழிபெயர்ப்பில் 'தரிசுக் குடும்பம்' என்று இருந்தது! நம் கடைமடைக்காரரிடம் தரிசு என்றால் தண்ணீர் வராமல் போட்டுவிட்ட வயல்தான் அவர் நினைவுக்கு வரும். உண்மையில் இந்தக் குடும்பம் தமிழ்நாட்டுக்கு அந்நியமும் அல்ல. ஊட்டியில் நீலகிரித் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலம் என்று விற்கிறார்களே, அந்தத் தைலம் வரும் நீலகிரிச் செடி இந்தக் குடும்பம். நீலகிரியின் சோலை ஓரங்களில் சிவக்கச் சிவக்கப் பூக்கும் ரோடோடென்ட்ரானும் இந்தக் குடும்பமே. அமிலத்தன்மையுள்ள மலை மண்ணும் குளிரும் கேட்கிற இனம்; நம் வண்டல் களியில் வைத்தால் ஒரு கோடைகூடத் தாங்காது.

அந்த ரோடோடென்ட்ரானுக்கு மலைப்பக்கம் காட்டுப்பூவரசு என்ற பெயர் உண்டு. இதைச் சொன்னதும் எதிர்க்கட்சி மடக்கும்: "பூவரசுக்கும் அதற்கும் மட்டும் என்ன உறவு?" உறவு இல்லைதான். நம் வாய்க்கால் கரைப் பூவரசு வேறு குடும்பம். ஆனால் காட்டுப்பூவரசு என்றவர்கள் அந்த மரத்தோடு வாழ்ந்தவர்கள். அதன் பூவைப் பார்த்து, அடையாளம் சொல்ல வைத்த பெயர் அது. அப்படித்தான் ஊர்ப்பெயர்கள் பிறக்கும். மலைவாகை என்றவர் பார்த்தது அகராதியை. அதிலும் செடிப் பகுதியைப் பார்க்காமல் 'வெற்றி' என்ற பொருளைப் பார்த்தவர். இப்போது இந்த வேலையில் பாதியைக் கணினி செய்கிறது. அதை ஒரு தடவை படித்துத் திருத்த ஆள் இல்லை என்பதைவிட, திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அப்புறம் என்னதான் சொல்வது? அகப்பை மரம் என்று சொல்லிப் பார்த்தேன். அங்கத்திய பழங்குடியினர் இதன் கட்டையில் கரண்டி கடைந்ததால் ஆங்கிலத்திலும் அப்படி ஒரு பெயர் உண்டு. ஆனால் நமக்கு அகப்பை என்றால் கொட்டாங்குச்சி. தென்னையைச் சொல்கிறான் என்று நினைத்துவிடுவார்கள். 'விசைப்பூ' எனக்குப் பிடித்திருக்கிறது, அதன் பூ செய்யும் வேலையை அப்படியே சொல்கிறது. கட்டுரைக்குள் ஒரு தடவை விளக்கமாகப் போடலாம். பாடநூலுக்கும் பெயர்ப்பலகைக்கும் என் தேர்வு 'அகலிலைக் கால்மியா'. அதன் தம்பி 'குறுகிலைக் கால்மியா'. இனப்பெயரைத் தொடாமல், சிற்றினப் பெயரை மட்டும் தமிழாக்குவது. பக்கத்திலேயே 'நச்சுச்செடி' என்ற சொல் இருக்கவேண்டும். கால்மியா தமிழா என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். கால்ம் ஒரு மனிதரின் பெயர். ஆள் பெயரை யார் மொழிபெயர்ப்பார்கள்? ஒரே வேண்டுகோள், முதல் எழுத்து நெடிலாகவே இருக்கட்டும். 'கல்மியா' என்று குறிலாக எழுதினால், கல்லில் முளைப்பதால் வந்த தூய தமிழ்ப் பெயர், அங்கிருந்துதான் ஸ்வீடனுக்குப் போனது என்று அடுத்த வாரமே ஒருவர் கட்டுரை எழுதிவிடுவார்.