உங்கள் பல்செட் எப்படி வெந்தது?

முழுப் பல்செட் கட்டிக்கொள்ள வருகிறவர்கள் பல்லைப் பற்றி நிறையக் கேட்பார்கள். நிறம் பொருந்துமா, சிரித்தால் இயற்கையாகத் தெரியுமா, எந்தக் கம்பெனிப் பல் என்றெல்லாம். ஈறு நிறத்தில் இருக்கிறதே, அந்த அக்ரிலிக் அடித்தளத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அளவு சரியாக எடுக்கப்பட்ட பிறகு, பல்செட் மேலண்ணத்தில் கவ்வி நிற்பதும், பேசும்போது நழுவுவதும், ஒரு நாள் நடுவில் கோடு விட்டு உடைவதும் பெரும்பாலும் அந்த அடித்தளம் லேபில் பதப்படுத்தப்பட்ட விதத்தைப் பொறுத்ததுதான். பல் லேபில் வேலை பார்க்கிறவன் என்பதால், ஃபிளாஸ்க் எனும் அச்சுப் பெட்டியை மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

வல்கனைட் எனும் கெட்டி ரப்பரில் பல்செட் செய்துகொண்டிருந்த காலம் போய், 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் வந்தது. இன்றுவரை அந்த இடத்தை அதனிடமிருந்து எதுவும் முழுதாகப் பிடுங்கவில்லை. லேபுக்கு அது பவுடர், லிக்விட் என்று இரண்டாக வரும். பவுடர் ஏற்கெனவே பாலிமர் ஆன, அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து இறுகிய நுண்மணிகள். லிக்விட் என்பது மோனோமர், அதாவது இன்னும் கோக்கப்படாத அந்தச் சிறு மூலக்கூறுகள். பவுடர் 3 பங்கு, லிக்விட் 1 பங்கு என்ற கணக்கில் கலந்தால் முதலில் மணல் போல இருக்கும், அப்புறம் நூல் நூலாக இழுக்கும், பிறகு கையில் ஒட்டாத மாவுப் பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில்தான் அச்சில் வைத்து அழுத்த வேண்டும்.

வில்லங்கம் மோனோமரில் இருக்கிறது. அது மட்டும் தனியாகப் பாலிமர் ஆனால் கன அளவில் சுமார் 21 சதவீதம் சுருங்கும். பவுடரோடு கலப்பதால் அது 7 சதவீதம் அளவுக்குக் குறைகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. இன்னொன்று, என்னதான் பதமாக வேக வைத்தாலும் கொஞ்சம் மோனோமர் பாலிமர் ஆகாமல் உள்ளேயே தங்கிவிடும். நவீன முறைகள் என்று இன்று பேசப்படுகிறவற்றில் பெரும்பாலானவை இந்தச் சுருக்கத்தையும் மிச்ச மோனோமரையும் சமாளிக்க வந்தவைதான். கூடவே நேரத்தையும் மிச்சப்படுத்தப் பார்க்கின்றன.

பழைய முறையைத் தெரிந்துகொண்டால்தான் புதியது எதற்கு என்பது புரியும். மெழுகில் பல் அடுக்கி, டாக்டர் வாயில் வைத்துப் பார்த்து அனுப்பியதை ஃபிளாஸ்க்கில் பிளாஸ்டர் ஊற்றிப் புதைப்போம். கொதிநீரால் மெழுகை உருக்கி வெளியேற்றி, அக்ரிலிக் ஒட்டாமலிருக்க பிளாஸ்டரில் செபரேட்டிங் திரவம் பூசி, மாவுப் பதத்தில் அக்ரிலிக்கை வைத்து பிரஸ்ஸில் இறுக்கி, தண்ணீர்த் தொட்டியில் வேக வைப்போம். பல்லின் அடிப்பக்கத்தில் மெழுகு ஒரு படலமாகத் தங்கிவிட்டால்கூட அந்தப் பல் பின்னால் கழன்று விழும். எண்ணெய்ப்பசை தெரிகிறதா என்று ஒவ்வொரு பல்லையும் பார்ப்பது சலிப்பூட்டும் வேலை, ஆனால் விடக் கூடாது.

வேக வைப்பதில்தான் பல லேப்கள் சறுக்குகின்றன. 60 டிகிரியைத் தாண்டியதும் பவுடரில் உள்ள பென்சாயில் பெராக்சைடு, மோனோமரைப் பாலிமர் ஆக்கும் வேலையைத் தொடங்குகிறது. அந்த வினை தானாகவே வெப்பத்தை உமிழும். மோனோமர் 100.8 டிகிரியில் கொதித்துவிடும். ஆகவே ஃபிளாஸ்க்கை நேராகக் கொதிநீரில் போட்டால், வெளியிலிருந்து வரும் சூடும் உள்ளே பிறக்கும் சூடும் சேர்ந்து மோனோமரை ஆவியாக்கிவிடும். அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் குமிழியாக உறைந்துவிடும். 74 டிகிரியில் 8 மணி நேரத்துக்கு மேல் வைப்பது நிதானமான சுழற்சி. 74 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு 100 டிகிரியில் 1 மணி நேரம் என்பது குறுக்கப்பட்ட சுழற்சி. இரண்டும் ஏற்றுக்கொள்ளக்கூடியவை. "சாயங்காலமே வேணும்" என்று போன் வந்ததும் எடுத்த எடுப்பில் கொதிக்க விடுவதுதான் ஆகாதது.

குமிழி எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் முதலில் கீழ்ப் பல்செட்டின் நாக்குப் பக்க ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். அங்கேதான் அக்ரிலிக் தடிமனாக இருக்கும், சூடு அதிகம் தேங்கும். பாலிஷ் போட்டபின் மேலே பளபளவென்றுதான் இருக்கும். நனைத்து, நல்ல விளக்குக்கு எதிரே லேசாகத் திருப்பினால் உள்ளே குண்டூசி முனை அளவுக்குப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அவை பலத்தைக் குறைக்கும். மேற்பரப்பில் திறந்திருக்கும் குழிகளில் அழுக்கும் பூஞ்சையும் குடியேறும், எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாது.

வெந்ததும் ஃபிளாஸ்க்கைக் குழாய்த் தண்ணீரில் பிடிப்பதும் தவறு. அக்ரிலிக் ஒரு வேகத்திலும் பிளாஸ்டர் ஒரு வேகத்திலும் சுருங்குவதால் உள்ளே இறுக்கம் சேர்ந்துவிடும். பெஞ்சில் அரை மணி நேரமாவது தானாக ஆற வேண்டும். அவசரமாகத் திறந்த மேல் பல்செட்டை மாடல்மேல், அதாவது வாயின் அளவிலிருந்து வார்த்த அச்சின்மேல், திருப்பி வைத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். அண்ணத்தின் நடுவில், பின் விளிம்பில், மெல்லிய இடைவெளி தெரியும். ஈறு மேட்டுப் பக்கம் தடிமன் அதிகம் என்பதால் சுருக்கம் அந்தப் பக்கம் இழுக்கிறது, நடு அண்ணம் எழும்பிவிடுகிறது. காற்று அந்த வழியாகப் புகுந்தால் பல்செட் கவ்வாது. ஒழுங்காகச் செய்தாலும் இந்த இடைவெளி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் மாடலின் பின் விளிம்பை முன்கூட்டியே லேசாகச் சுரண்டி, அங்கே அக்ரிலிக் சற்று அழுந்துமாறு செய்கிறோம்.

சரி, புதிய முறைகளுக்கு வருவோம். இஞ்ஜெக்‌ஷன் முறை உண்மையில் அப்படியொன்றும் புதிதல்ல, 1940களிலேயே யோசித்துவிட்டார்கள். ஃபிளாஸ்க்கை முதலில் மூடி இறுக்கிவிட்டு, சிறு துளை வழியாக அக்ரிலிக்கை உள்ளே தள்ளுவதுதான் இதன் அடிப்படை. பிரஸ்ஸில் அழுத்தும்போது இரண்டு பாதிகளுக்கு நடுவே பிசிறு தங்கி, பல்கள் கடித்துச் சேரும் உயரம் கூடிவிடும் தொல்லை இதில் வெகுவாகக் குறைகிறது. எஸ்.ஆர். ஐவோகேப் போன்ற அமைப்புகளில் அளந்து அடைத்த கேப்சூல் வருகிறது, கலவை விகிதத்தில் கண் மதிப்புக்கு இடமில்லை. 6 பார் காற்றழுத்தத்தில் தள்ளிக்கொண்டே, கொதிநீரில் 35 நிமிடம் வேக வைக்கிறார்கள். அச்சின் முன்பக்கம் முதலில் இறுகத் தொடங்கி, சுருங்குகிற இடத்துக்குத் துளை வழியாகப் புதிய அக்ரிலிக் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். சுருக்கத்தைத் தடுக்க முடியாது, நடக்கும்போதே நிரப்பலாம் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மேல் பல்செட் கவ்வவில்லை என்று அடிக்கடி திரும்பி வரும் லேப் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான், 3டி பிரிண்டரை அல்ல.

மைக்ரோவேவ் முறையை 1968-ல் ஜப்பானில் முயன்று பார்த்தார்கள். உலோக ஃபிளாஸ்க் ஆகாது, இழை கலந்த பிளாஸ்டிக் ஃபிளாஸ்க் வேண்டும். 500 வாட்டில் 3 நிமிடத்தில் வேலை முடியும். தடித்த இடங்களில் குமிழி வரும் ஆபத்து இதிலும் உண்டு. ஒளியில் இறுகும் ரெசின், அளவு எடுக்கும் தட்டு செய்யவும் ரிப்பேருக்கும் கைகொடுக்கும்.

மில்லிங் சுருக்கத்துக்கு வேறு வழி கண்டுபிடித்தது. அக்ரிலிக் தொழிற்சாலையிலேயே அதிக அழுத்தத்தில் முழுதாகப் பாலிமர் ஆகி, வட்டத் தகடாக வருகிறது. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த பிறகு, கணினியில் வரைந்த வடிவத்தை இயந்திரம் கடைந்து எடுக்கிறது. அடர்த்தி நன்றாக இருக்கும், மிச்ச மோனோமரும் மிகக் குறைவு. தகட்டில் பெரும்பகுதி தூளாகப் போகிறதே என்று மனசு கேட்காது, அது வேறு விஷயம். இன்னொரு லாபம் அந்தக் கணினிக் கோப்பு. பல்செட் தொலைந்தாலோ கீழே விழுந்து நொறுங்கினாலோ மறுபடி அளவு எடுக்காமல் அதையே திரும்பக் கடையலாம். அடிக்கடி கிளினிக்குக்கு அலைய முடியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி.

3டி பிரிண்டிங்கைப் பற்றித்தான் அதிக மயக்கம். அந்தத் திரவ ரெசின் நாம் பேசிய பவுடர்-லிக்விட் அக்ரிலிக் அல்ல, ஒளி பட்டால் இறுகும் வேறு வகை. 50 முதல் 100 மைக்ரான் அடுக்குகளாக எழும்பி வரும். மெஷினிலிருந்து எடுக்கும்போது அது பாதிதான் வெந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவி, உலர்த்தி, தயாரிப்பாளர் சொன்ன நேரம் முழுக்க ஒளிப் பெட்டியில் வைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். மேற்பரப்பு பிசுபிசுப்பாக இருந்தால் அந்தப் பல்செட் வாய்க்குப் போகக் கூடாது. பெட்டியில் நேரத்தைக் குறைப்பதும், ஃபிளாஸ்க்கைக் கொதிநீரில் போடுவதும் ஒரே ரகத் திருட்டுதான். பலத்திலும், பொதுவாகப் பார்த்தால், கடைந்தெடுத்தது பிரிண்ட் செய்ததைவிட ஒரு படி மேல்.

புதுப் பல்செட் போட்டதும் வாய் எரிகிறது என்றால் பலரும் அக்ரிலிக் அலர்ஜி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையான அலர்ஜி அரிது. பொருந்தாமல் உரசுவது, பூஞ்சை, சரியாக வேகாத அக்ரிலிக் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் வேகும் அக்ரிலிக்கில் மிச்ச மோனோமர் 2.2 சதவீதத்தையும், சூடு இல்லாமல் தானாக இறுகும் வகையில் 4.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தர விதி சொல்கிறது. நன்றாக வேக வைத்தால் அது அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆகவே உங்கள் பல் டாக்டரிடம் "எந்த முறையில் செய்யப் போகிறீர்கள், லேபுக்கு எத்தனை நாள் கொடுப்பீர்கள்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. அவசரப்படுத்தாமல் இருப்பது உங்கள் பங்கு.

லேபில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண லேடெக்ஸ் கையுறையை மோனோமர் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மாவுப் பதத்தை வெறும் கையால் பிசைந்து பிசைந்து விரல் நுனி வெடித்து, தொழிலையே விட்டவர்கள் உண்டு. பாலித்தீன் தாளை நடுவில் வைத்துக் கையாளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வேலை முடிந்த பல்செட்டைத் தண்ணீரில் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஒரு நாள் ஊறினால் மிச்ச மோனோமரில் கொஞ்சம் கசிந்து வெளியேறும், அக்ரிலிக் தண்ணீரை உறிஞ்சிச் சுருக்கத்தையும் ஓரளவு ஈடுகட்டும். உடைந்த பல்செட்டைத் தானாக இறுகும் அக்ரிலிக் வைத்து ஒட்டிக் கொடுத்தால், முடிந்தால் அன்றிரவு தண்ணீரிலேயே விட்டு மறுநாள் போடச் சொல்லுங்கள். வீட்டில் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கொதிநீரில் போட்டால் வடிவம் கோணிவிடும், அதைத் திரும்ப நேராக்க எந்த லேபாலும் முடியாது.