சீலன்ட்: பற்பள்ளக் காப்புப்பூச்சு

சிறு முத்திரை எனப் பொருள்படும் 'சிகில்லும்' என்னும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சீல்' ஆயிற்று. முத்திரையிட்டு மூடுவதைக் குறித்த சொல், பின்னர் நீரும் காற்றும் புகாமல் மூடுவதையும் குறித்தது. அப்படி மூடும் பொருள் சீலன்ட். பல் மருத்துவத்தில் அது, கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பிலுள்ள குழிகளையும் வரிப்பள்ளங்களையும் மூடும் மெல்லிய பிசின் பூச்சு.

தமிழில் 'அடைப்பான்' என்றும் எழுதலாம்; நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 'பல் அடைப்பது' என்றால் சொத்தையைக் குடைந்து நிரப்புவது என்றே பெற்றோர் புரிந்துகொள்வார்கள். சீலன்ட் பூசுவதில் குடைவதுமில்லை, மரப்பு ஊசியுமில்லை. வெறும் 'காப்புப்பூச்சு' என்றாலோ, பல் முழுவதும் தடவும் ஃபுளோரைடு வார்னிஷோடு குழம்பும். 'பற்பள்ளக் காப்புப்பூச்சு' என்பதே பொருத்தம்.

அந்தப் பள்ளங்களில் பல, பிரஷ்ஷின் ஒற்றை நார்கூட நுழையாத அளவு குறுகலானவை. அங்கே தங்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்க, பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரைந்து சொத்தை தொடங்குகிறது. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் 6 வயதையொட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலே பின்வரிசையில் முளைக்கும். அதையும் பால் பல் என எண்ணி விட்டுவிடக் கூடாது. இரண்டாவது 12 வயதையொட்டி வரும். மெல்லும் பரப்பு ஈறைவிட்டு முழுதாக வெளிவந்ததும் பூசிவிடுவது நல்லது.

பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சுருளை வைத்து உமிழ்நீரைத் தடுத்தபின், 35–37% பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 வினாடி வைப்பார்கள். கழுவி உலர்த்தினால் அந்த இடம் பளபளப்பிழந்து வெண்மையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அமிலம் மறுபடியும் வைக்க வேண்டும். பிறகு நீர்மப் பிசினைப் பள்ளத்தில் விட்டு, காற்றுக் குமிழிகளை நீக்கி, நீல ஒளியில் சுமார் 20 வினாடி இறுகச் செய்வார்கள். அமிலம் பட்ட எனாமலில் பிசின் உறுதியாகப் பிடிக்கும் என்று 1955இல் காட்டியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் பூனகோர்.

பூச்சு சீக்கிரம் கழன்றால், பெரும்பாலும் காரணம் உமிழ்நீர்தான். அமிலம் உண்டாக்கிய நுண்துளைகளை அது அடைத்துவிடும். துடைத்தால் போதாது, அமிலத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பல் பாதிதான் முளைத்து, ஈரத்தைத் தடுக்க முடியாதபோது, பிசினுக்குப் பதிலாகக் கிளாஸ் அயனோமர் என்னும் பல் சிமென்டைப் பூசலாம். பிடிப்பு குறைவு, ஆனால் ஈரத்தைத் தாங்கும்.

பற்களுக்கு இடையில் வரும் சொத்தையைக் காப்புப்பூச்சு தடுக்காது. ஃபுளோரைடு பற்பசையும் பல் இடுக்கைச் சுத்தம் செய்வதும் தொடர வேண்டும். ஓரம் பெயர்ந்த பூச்சின் அடியில் கிருமி தங்கும் என்பதால், ஒவ்வொரு பரிசோதனையிலும் அதைப் பார்த்து, பெயர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ள வேண்டும்.