பறித்த பின்பும் மூச்சுவிடும் திராட்சை

இத்தாலியில், கார்தா ஏரிக்குக் கிழக்கே, வெரோனா நகரை ஒட்டிய குன்றுகளில் இருக்கிறது வால்பொலிசெல்லா. அமரோனே என்னும் சிவப்பு ஒயின் இங்கேதான் உருவாகிறது. அதற்கென்று செப்டம்பர், அக்டோபரில் பறிக்கும் கொத்துகளை உடனே பிழிந்துவிடுவதில்லை. காற்றோட்டமான மாடிகளில் மூங்கில் தட்டிகளிலோ ஆழமில்லாத பெட்டிகளிலோ ஓரடுக்காகப் பரப்பி, மூன்று நான்கு மாதம் காய விடுகிறார்கள். டிசம்பர் 1-க்கு முன் பிழியக் கூடாது என்பது பொதுவான விதி. மிகப் பழைய பழக்கம் இது: வெரோனாப் பக்கத்தில் உலர்ந்த திராட்சையில் செய்த ஒயினைப் புகழ்ந்து, 6-ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் காசியோடோரஸ் எழுதியிருக்கிறார்.

இந்த மாதங்களில் பழத்தின் எடை மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேலே குறைந்துவிடும். விதிப்படி 100 கிலோ திராட்சைக்கு அதிகபட்சம் 40 லிட்டர் ஒயின்தான் எடுக்கலாம். அமரோனேயின் விலை ஏன் அவ்வளவு அதிகம் என்பதற்கு இதுவே பாதிப் பதில்.

ஆனால் நீர் வற்றிச் சர்க்கரை செறிவது கதையின் எளிய பகுதி. கொடியிலிருந்து வெட்டிய பிறகும் பழத்தின் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சுவாசிக்கின்றன, பழத்துக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தை எரித்துத் தீர்க்கின்றன. நீர் குறையக் குறைய, அந்த நெருக்கடியைச் சமாளிக்கும் மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. அமரோனேயின் முதன்மை ரகமான கொர்வினாவை வெரோனா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, ரெஸ்வெராட்ரால் போன்ற ஸ்டில்பீன் சேர்மங்களை (நெருக்கடியில் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பவை) உருவாக்கும் மரபணுக்கள் உலரும்போது முடுக்கிவிடப்படுவதைக் கண்டார்கள். வெப்பக் காற்றை அடித்து அவசரமாக உலர்த்தினால் இதற்கெல்லாம் அவகாசம் இருக்காது. பொறுமையாக உலர்த்துவதன் அறிவியல் அங்கேதான் இருக்கிறது. எனக்கு இந்த ஒயினில் பிடித்ததும் அதுதான்.

கொர்வினாவின் தோல் தடிமன். அதனால் இத்தனை நாள் தாங்குகிறது. ஈரமான இலையுதிர்காலத்தில்தான் பயம். பூஞ்சை பிடித்தால் கொத்து கொத்தாகக் கழிக்க வேண்டியதுதான். அதனால் தட்டிகளுக்கிடையே மின்விசிறிகள் ஓடுகின்றன.

குளிர்காலத்தில் பிழிந்ததும் ஈஸ்ட்டின் பாடு தொடங்குகிறது. அவ்வளவு சர்க்கரை கரைந்த சாறு, ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். அதைத் தடுக்க ஈஸ்ட் தனக்குள் கிளிசரால் என்னும் வழவழப்பான பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. அமரோனே நாக்கில் வழவழவென்று இறங்குவதில் இந்தக் கிளிசராலுக்கும் பங்குண்டு. 1 சதவீத ஆல்கஹாலுக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை செலவாகும். அமரோனே 15, 16 சதவீதம் வரை போவது சாதாரணம். அப்படியென்றால் ஒவ்வொரு லிட்டரிலும் கால் கிலோவுக்கு மேல் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்க்கிறது. நொதித்தல் பாதியில் நின்று சர்க்கரை மிச்சமானால் கிடைப்பது ரெச்சோத்தோ என்னும் இனிப்பு ஒயின். இந்த வட்டாரத்தில் அதுதான் மூத்தது.

பிழிந்த சக்கையும் வீணாவதில்லை. அதில் ஈஸ்ட்டும் கொஞ்சம் சர்க்கரையும் தங்கியிருக்கும். சாதாரண வால்பொலிசெல்லா ஒயினை அதன்மேல் ஊற்றினால் மறுபடி நொதித்து, ஆல்கஹால் சற்று ஏறும்; தோலிலிருந்து துவர்ப்பைத் தரும் டானினும் இறங்கும். இதுதான் ரிபாஸ்ஸோ. அமரோனேயைவிட விலை மிகக் குறைவு என்பதால், இந்த ஊர் ஒயினை அறிய விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.